தொள்ளாயிரம் ஃபிரேம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு என் மனைவி அந்தப் படத்தைக் கடைசி முறையாகப் பார்த்தாள். மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டிய படம். மொத்தம் இரண்டு நிமிடம். இன்னும் கட்டப்படாத ஒரு சிறுவர் நூலகத்துக்குள் நடந்து போனால் எப்படி இருக்கும் என்று காட்டும். கட்டடத்தை வரைந்தவள் அவள். அதைக் கணினியில் அசையவைத்தவன் நான்.

பத்து வருடம் அடுத்தவர்களின் கட்டடங்களுக்குக் கழிப்பறையும் வண்டி நிறுத்துமிடமும் வரைந்திருக்கிறாள். அவள் பெயரில் மட்டும் ஒரு போட்டிக்குப் போவது இதுதான் முதல்.

மாடிப்படி வந்ததும் படத்தை நிறுத்தினாள்.

"கைப்பிடி ஒண்ணுதான் இருக்கு."

பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

இரண்டு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இடுப்பு உயரத்தில் ஒன்று. அதற்குக் கீழே, ஐந்து வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இன்னொன்று. அந்தக் கீழ்க் கைப்பிடிக்காக இரண்டு மாதம் உழைத்திருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிப் பிள்ளைகளின் முழங்கை உயரத்தை டேப் பிடித்து அளந்து வந்தாள். வரைபடத்தில் அதுதான் அவளுடைய கையெழுத்து.

"பழைய ஃபைலைப் போட்டுட்டேன்" என்றேன்.

"ம்."

"நான்தான்."

"வேற யாரு, எதிர்வீட்டுக்காரரா?"

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்படியே அனுப்பிடலாம். கீழ்க் கைப்பிடி பத்தி குறிப்புல எழுதியிருக்கேன்" என்றாள். சொல்லும்போது திரையைப் பார்க்கவில்லை.

"யாரு குறிப்பைப் படிக்கறாங்க? படத்தைத்தான் பாப்பாங்க."

கணக்குப் போட்டேன். படி தெரிவது படத்தின் கடைசி முப்பத்தாறு வினாடி. வினாடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். தொள்ளாயிரம் ஃபிரேம். வெளிச்சம், நிழல், மரத்தின் ரேகை என்று ஒவ்வொன்றையும் கணக்கிட்டு ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்க எங்கள் கணினிக்கு நாற்பத்தைந்து வினாடி ஆகும். பதினொன்றேகால் மணி நேரம். சரியான ஃபைலைத் தயார் செய்ய முக்கால் மணி. ஏழுக்குத் தொடங்கினால் ஆறேகாலுக்கு முடியும். அப்புறம் எல்லாவற்றையும் கோத்து அனுப்ப அரை மணி.

சகலைக்கு போன் செய்தேன்.

சகலை, மனைவியின் அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எங்கள் கணினியைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். பிராசசர் நல்ல சாதி. மதர்போர்டு அவருடைய நண்பரின் கடையில் யாரும் சீண்டாமல் கிடந்தது. ஓசியில் வந்தது.

முகம் கழுவாமல் வந்தார். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர்.

"ஓவர்கிளாக் பண்ணுங்க, பண்ணுங்கன்னு ஒரு வருஷமா சொல்றேன். கேட்டீங்களா சகலை?"

"இப்ப கேக்கறேன்."

"இப்ப கேப்பீங்க."

பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். எங்களுடையது மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸில் ஓடியது. நாலு புள்ளி மூன்றுக்குக் கொண்டுபோனால் ஒரு ஃபிரேம் முப்பத்தெட்டு வினாடியில் முடியும். எட்டு மணிக்குத் தொடங்கினாலும் ஐந்தரைக்கு முடித்துவிடலாம். நான் ஃபைலைச் சரிசெய்து பென்டிரைவில் எடுத்து முடித்ததும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

வேகத்தைக் கூட்டுவதில் சிரமமில்லை. எண்ணை மாற்றினால் போதும். சிரமம் வோல்டேஜில்.

"நல்ல போர்டுன்னா இத்தனை வோல்ட்னு நாமளே சொல்லலாம். அது அப்படியே நிக்கும்" என்றார். "இது ஓசி போர்டு. அது என்ன கொடுக்கணும்னு அதுவே முடிவு பண்ணும். அதுலேர்ந்து ஒரு ரெண்டு புள்ளி கூட்டிக்கோ, ரெண்டு புள்ளி குறைச்சுக்கோன்னு மட்டும்தான் நம்மள விடும்."

"மாமனார் மாதிரி" என்றேன்.

"மாமனாராவது குறைச்சுக்க விட்டாரா?"

எங்கள் இருவருக்கும் ஒரே மாமனார். மனைவி உள்ளேயிருந்து இருமினாள். பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

நாலு புள்ளி மூன்றில் போர்டு தன்னிஷ்டத்துக்கு வோல்டேஜை வாரிக் கொடுத்தது. ஐந்தே நிமிடத்தில் தொண்ணூற்றேழு டிகிரி. சூடு தாங்காமல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சகலை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஆறு புள்ளி குறைத்ததும் எண்பத்துநாலு டிகிரியில் நின்றது. பிராசசரை முழு மூச்சில் ஓடவிட்டுச் சோதிக்கும் ஒரு நிரலைக் கால் மணி நேரம் ஓட்டினார். அசையவில்லை.

"சிங்கம்" என்று பெட்டியைத் தட்டினார்.

எட்டு மணிக்கு முதல் ஃபிரேம். முப்பத்தெட்டு வினாடி.

அதற்கப்புறம் எங்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் அந்த அறையை விட்டுப் போக முடியவில்லை. சகலை சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபிரேம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதற வேண்டியவள் அவள். அவளோ துணி மடித்தாள். நகம் வெட்டினாள். பத்து மணிக்கு இருவருக்கும் டீ வைத்துவிட்டு, "பார்த்துட்டே இருந்தா சீக்கிரம் ஆகுதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் ஆகுது" என்றார் சகலை.

"நல்லது அத்தான்."

ஒரு மணிக்கு நானூற்று எழுபது ஃபிரேம் முடிந்திருந்தது. கணக்குப்படி சரி. வெயில் ஏறி அறை கொதித்தது. சூடு தொண்ணூறைத் தொட்டது. அந்த நேரத்தில் மனைவியின் அக்கா சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். யார் கையைப் பார்த்தாலும் நரம்பைத்தான் முதலில் பார்ப்பார்.

"ரெண்டு பேர் மூஞ்சியும் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. வந்து சாப்பிடுங்க."

நான் ஃபிரேம் வரைவதை நிறுத்திவைத்தேன்.

"ஏன் சகலை?"

"அதுவும் அஞ்சு நிமிஷம் மூச்சு விடட்டுமே. பாவம்."

மூன்றாவது வாய் சாப்பிடும்போது திரும்பிப் பார்த்தேன். திரையில் கடிகாரத்தின் வினாடி முள் நின்றிருந்தது. மவுஸை அசைத்தேன். அசையவில்லை.

"ஹேங் ஆயிடுச்சு."

சகலை எச்சில் கையோடு வந்தார். எதையும் தொடவில்லை. இடது கையால் போனை எடுத்துத் திரையைப் போட்டோ எடுத்தார். லிஃப்ட் வேலையில் வந்த பழக்கம். நின்ற லிஃப்டை, நின்ற நிலையில் ஒரு போட்டோ எடுக்காமல் தொடமாட்டார்.

"சூடு" என்றார்.

"சூடுதான்" என்றேன்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். படுக்கையறையிலிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து உள்ளே காற்று போகிற மாதிரி வைத்தோம். வோல்டேஜை இன்னும் இரண்டு புள்ளி குறைத்தோம். ஒன்று இருபதுக்கு மறுபடி ஓடியது. எழுபத்தெட்டு டிகிரி. சகலை கையைக் கழுவப் போனார்.

ஒன்று ஐம்பதுக்கு மறுபடி நின்றது. போட்டோ. மறுதொடக்கம். இரண்டு பத்துக்கு மறுபடி. போட்டோ.

இப்போது சூடு எழுபத்தைந்துகூட இல்லை. ஃபிரேம் ஐநூற்று முப்பத்தைந்து.

சகலை தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒரு புள்ளி குறைச்சுப் பாக்கலாமா?" என்றார். குரலில் சிங்கம் இல்லை.

"போர்டு போயிடுச்சோ?"

"ஓசின்னு நாக்கு மேல பல்லைப் போட்டுச் சொல்லாதீங்க சகலை. இப்ப வேணாம்."

"நான் சொல்லவே இல்லையே."

"மனசுல சொன்னீங்க."

என் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அந்த போட்டோவைக் காட்டுங்க அத்தான்."

மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வரைபடத்தில் தப்பு தேடும்போது அவள் கீழுதடு கொஞ்சம் உள்ளே போகும். இப்போதும் போயிருந்தது.

"மூணுலயும் ஃபிரேம் முழுசா இருக்கு."

"அதனால?"

"ஒரு ஃபிரேம் வரைய முப்பத்தெட்டு செகண்ட் ஆகுதுல்ல. சூட்டுல நின்னிருந்தா எங்கயாவது பாதில நின்னிருக்கணுமே. கால்வாசி, முக்காவாசி. ஒண்ணுகூட அப்படி இல்ல. முதல் தடவை நீ நிறுத்திவச்சிருந்த. மத்த ரெண்டும், வரைஞ்சு முடிச்சு, சேவ் பண்ணிட்டு, அடுத்தது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

அக்கா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதாவது, வேலை பாக்கறப்ப ஒண்ணும் ஆகல. சும்மா உட்கார்ந்தாத்தான் படுத்துக்குது."

"ஆமாக்கா."

"இதோ இந்த மனுஷன் மாதிரி. வருஷம் பூரா ஒரு தும்மல் கிடையாது. லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினா முதல் நாளே நூத்திரெண்டு காய்ச்சல். மூணு லீவு பாத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சகலை தன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"சும்மா இருக்கறப்ப நாம சோதிக்கவே இல்ல" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். வேலை இருக்கும்போது பிராசசர் நிறைய வோல்டேஜ் கேட்கும். அதில் ஆறு புள்ளி குறைந்தாலும் தாங்கும். வேலை இல்லாதபோது அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு மிகக் கொஞ்சமாகக் கேட்கும். அந்தக் கொஞ்சத்திலும் இந்த போர்டு ஆறு புள்ளியைக் கழித்தது. மிச்சமிருந்ததில் அதற்கு உயிர் நிற்கவில்லை. நாங்கள் கால் மணி நேரம் முழு மூச்சில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு நிமிடம் சும்மா விட்டுப் பார்க்கவில்லை. போதாததற்கு, சூடு என்று நினைத்து இன்னும் இரண்டு புள்ளி பிடுங்கிக்கொண்டோம். அதற்கப்புறம் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே மூச்சு விடும் நேரம்கூட ஆபத்தாகிவிட்டது.

பிடுங்கிய இரண்டைத் திருப்பிக் கொடுத்தோம். ஆறையும் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கொடுத்தால் தொண்ணூற்றேழு டிகிரி. வேலைக்குத் தனி வோல்டேஜ், ஓய்வுக்குத் தனி வோல்டேஜ் என்று பிரித்து வைக்க அந்த போர்டில் இடமில்லை. எப்போதும் முழு வேகத்தில் இரு என்று கணினியில் ஓர் அமைப்பு உண்டு. வைத்தோம். போர்டு அதை மதிக்கவில்லை.

"ஓய்வே கொடுக்கக்கூடாது" என்றார் சகலை. "ஓரத்துல சின்னதா ஒரு வேலை ஓடிட்டே இருக்கணும். நீளமா ஒரு வீடியோ இருக்கா? ரெண்டு மூணு மணி நேரம் வர மாதிரி."

நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி திறந்தாள்.

"உங்க கல்யாண வீடியோ இருக்கு அத்தான். கலர் சரிபண்ணித் தரச் சொல்லிக் கொடுத்தீங்களே."

"அது ரெண்டு வருஷம் ஆச்சே. அடுத்த வாரம் ஆயிடும்னு சொன்னாரே."

"அடுத்த வாரம் ஆயிடும்" என்றேன்.

இரண்டு இருபத்தைந்துக்குத் திரையின் ஒரு மூலையில் கல்யாணம் தொடங்கியது. மீதி இடத்தில் மாடிப்படி. வீடியோவும் ஓடியதால் ஒரு ஃபிரேமுக்கு நாற்பது வினாடி ஆனது. சகலையும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அக்கா கட்டிலில். என் மனைவி தரையில், சுவரில் சாய்ந்து.

வீடியோவில் எல்லார் முகமும் மஞ்சளாக இருந்தது. சகலைக்குத் தலை நிறைய முடி.

"யாருக்கா இது, ஹீரோ மாதிரி?" என்றாள் என் மனைவி.

"தெரியலடி. இவரைக் காட்டித்தான் எனக்குக் கட்டிவச்சாங்க. அப்புறம் ஆளை மாத்திட்டாங்க."

"பேசு, பேசு" என்றார் சகலை. கண் சூட்டின் எண்ணில் இருந்தது.

பரிசு கொடுக்க வந்தவர்களின் வரிசை நாற்பது நிமிடம் ஓடியது. அந்த வரிசைக்குப் பின்னால், காமிராக்காரரின் கவனத்துக்கு வெளியே, ஒரு மெலிந்த பெண் தூணோரம் நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். தின்று முடித்ததும் காலிக் கோப்பையைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. எனக்கு அவளை அப்போது தெரியாது. வீடியோவைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

"என்ன பண்ற? ஃபிரேம் வரையறது மெதுவாகும். சின்னதாக்கு" என்றாள் என் மனைவி.

"மூணா?"

"நாலு. நாலாவதைப் பாக்க முடியாது. சின்னதாக்கு."

கணினி ஒரு முறைகூட நிற்கவில்லை. ஆனால் கணக்கு உதைத்தது. காலையில் எங்களிடம் ஐந்து நிமிடம்கூட உபரி இல்லை. மத்தியானம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போய்விட்டது. நான் அதை நாலு மணிக்கே கூட்டிப் பார்த்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐந்தே காலுக்கு எழுநூற்றுத் தொண்ணூறு ஃபிரேம். ஐந்தரைக்குள் தொள்ளாயிரம் வராது. எந்தச் சகலை வந்தாலும் வராது.

"முடியாது" என்றேன். அவள் பக்கம் திரும்பவில்லை. "நூறு ஃபிரேம் இடிக்குது. என்னாலதான்."

"எண்ணூறு வந்ததும் நிறுத்து" என்றாள்.

"நிறுத்தினா?"

"அதோட படம் முடியட்டும். காமிரா மேல்படிக்கு வந்துடும்ல? அங்கயே நிக்கட்டும்."

எண்ணூற்றுக்கு அப்புறம் இருப்பது கடைசி நாலு வினாடி. மேல்படிக்கு வந்ததும் காமிரா கூரையை அண்ணாந்து பார்த்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சாளர வெளிச்சத்துக்குள் கரையும். அவள் கேட்டதல்ல. நானாகச் சேர்த்தது. அந்தச் சுற்றுக்கு மட்டும் மூன்று நாள் செலவழித்திருந்தேன். முதல் முறை காட்டியபோது "நல்லாருக்கு" என்றாள்.

"அந்தச் சுத்து இல்லாம மொட்டையா இருக்காது?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கூரையைப் பார்த்தார்.

"எனக்கு அது முதல்லேர்ந்தே பிடிக்கல" என்றாள். "தலை சுத்துது. கைப்பிடியைப் பிடிச்சு மேல வந்த பிள்ளை கூரையையா பாக்கும்? புத்தகத்தைப் பாக்கும்."

சகலை சட்டென்று ஃபேனின் திசையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"நல்லாருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அன்னிக்கே பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப. மூணு நாள் உட்கார்ந்து பண்ணின. முடிச்சிட்டு, சாப்பிடறப்பகூட கையை ராட்டினம் மாதிரி சுத்திச் சுத்திக் காட்டின. எப்படிச் சொல்றது?"

எண்ணூறு ஃபிரேம். ஃபிரேமுக்கு நாற்பத்தைந்து வினாடி. மனசுக்குள் பெருக்கினேன். பத்து மணி நேரம். காலை ஏழு மணிக்கு, பழைய வேகத்திலேயே, எதையும் தொடாமல் விட்டிருந்தால் ஐந்து மணிக்கு முடிந்திருக்கும்.

"உனக்கு இந்தக் கணக்கு எப்பத் தெரியும்?"

"காலைல, நீ அத்தானுக்கு போன் பண்றப்ப."

"அப்ப ஏன்..."

"எப்ப வேணும்னாலும் வெட்டலாம், அது கடைசிலதானே இருக்குன்னு விட்டேன். உன்னோட சுத்தும் வந்துடும்னா வந்துட்டுப் போகட்டுமே. வேகம் கூட்டறோம்னு ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

அதனால்தான் நாள் முழுக்கத் துணி மடித்திருக்கிறாள்.

ஐந்து இருபத்திரண்டுக்கு எண்ணூறு வந்தது. நிறுத்தினேன். கோத்தேன். கடைசி ஃபிரேமில் மேல்படியும், கீழ்க் கைப்பிடியும், தூரத்தில் ஓர் அலமாரியும் இருந்தன. மொட்டையாக இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. ஐந்து முப்பத்தொன்றுக்கு அனுப்பத் தொடங்கினேன்.

அனுப்புவது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. கிட்டத்தட்ட ஓய்வு. அந்த நேரம் பார்த்துக் கல்யாண வீடியோவில் ஒவ்வொருவராகக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"முடியப்போகுது, முடியப்போகுது!" என்று சகலை பாய்ந்தார். கார் கதவு மூடுவதற்குள் வீடியோவை முதலிலிருந்து போட்டார்.

"ஐயோ, மறுபடியுமா?" என்றார் அக்கா.

"இன்னொரு தடவை கட்டிக்கோ. என்ன கெட்டுப்போச்சு?"

ஐந்து நாற்பத்தொன்பதுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. கிடைத்தது என்று பதில் வரும்வரை அவள் என் தோளைப் பிடித்திருந்தாள். பதில் வந்ததும் விட்டாள். தோளில் நாலு விரலும் பதிந்திருந்தது.

அக்கா பாத்திரங்களை எடுக்கப் போனார். சகலை ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். "வேகத்தைப் பழையபடி வச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

"இருங்க அத்தான்" என்றாள் என் மனைவி. பிறகு என்னிடம், "மிச்ச நூறையும் ஓடவிடு" என்றாள்.

"எதுக்கு? அனுப்பியாச்சே."

"முழுசாப் பாக்கணும்."

"பிடிக்கலன்னியே."

"பிடிக்கலதான். ஓடவிடு."

ஓடவிட்டேன். எண்ணூற்று ஒன்று. நாற்பது வினாடி. காமிரா மெதுவாக அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது.